ஹோண்டா சிட்டி 1.5 பெட்ரோல்: ஏர் இன்டேக் கிட் பொருத்தலாமா, இருப்பதை வைத்துக்கொள்ளலாமா?

கொங்குச்சாலை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் 2016ஆம் ஆண்டு மாடல் ஹோண்டா சிட்டி பெட்ரோல் கார் உள்ளது, மேனுவல் கியர். என்ஜின் 1497 சிசி, நான்கு சிலிண்டர், டர்போ கிடையாது. நிறுவனத்தின் கணக்குப்படி 6600 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) 119 பிஎஸ் (குதிரைத்திறன்) திறனும் 4600 ஆர்பிஎம்மில் 145 நியூட்டன் மீட்டர் டார்க்கும் (சுழற்றும் இழுவிசை) தருகிறது. வசிப்பது கோவையில். வார நாட்களில் அவிநாசி சாலை நெரிசலில் அலுவலகம் போய்வருவதும், அவ்வப்போது சேலம் வழியாகச் சென்னை செல்வதும்தான் வண்டியின் வேலை. இதுவரை எந்த மாற்றமும் செய்ததில்லை.

நெடுஞ்சாலையில் ஒரு லாரியைத் தாண்டும்போது வண்டி இன்னும் கொஞ்சம் சுறுசுறுப்பாக இழுத்தால் நன்றாயிருக்கும் என்பது என் நீண்ட நாள் ஆசை. இங்குள்ள ஒரு கடையில் இன்டேக், அதாவது என்ஜினுக்குள் காற்று வரும் பாதை, பற்றி விசாரித்தபோது, வண்டியோடு வந்த ஏர் ஃபில்டர் பாக்ஸை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, அலுமினியக் குழாயும் கூம்பு வடிவ ஃபில்டரும் அடங்கிய கிட்டைப் பொருத்தினால் பத்து பிஎஸ் வரை கூடும், மைலேஜும் ஏறும் என்றார்கள். பொருத்துக்கூலியுடன் சேர்த்து இருபதாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. அந்தத் தொகையைச் செலவிடத் தயாராகவே இருக்கிறேன். ஆனால் திறன் உண்மையிலேயே கூடுமா, தூசி உள்ளே போகுமா, இன்சூரன்ஸில் பின்னால் சிக்கல் வருமா என்ற மூன்று கேள்விகளுக்கும் கடையில் தெளிவான பதில் கிடைக்கவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓஎம்ஆர் பயணி

நண்பரே, நான் வேறொரு 1.2 லிட்டர் பெட்ரோல் காரில் கூம்பு ஃபில்டர் வைத்திருக்கிறேன். நான்காயிரம் ஆர்பிஎம்முக்கு மேல் எழும் அந்த உறுமலுக்காகவே வாங்கினேன். அது எனக்குக் கிடைத்தது, இன்றும் பிடித்திருக்கிறது. பிக்கப் கூடியதா என்று கேட்டால் கூடியதாக உறுதியாகச் சொல்ல முடியாது. சத்தம் அதிகமாகக் கேட்கும்போது வண்டி வேகமாகப் போவதாக மனம் நம்பிவிடுகிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பழைய கராஜ்

வணக்கம். என்ஜின் சோதனைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், முதலில் உங்கள் என்ஜின் எவ்வளவு காற்றைக் கேட்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். அது தெரியாமல் ஃபில்டரைப் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

நான்கு ஸ்ட்ரோக் என்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் முழுக் கொள்ளளவுக் காற்றை இழுக்கும். ஆகவே 1.5 லிட்டர் என்ஜின் 6600 ஆர்பிஎம்மில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்த நிலையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 4950 லிட்டர், அதாவது நொடிக்கு 80 லிட்டருக்குச் சற்று மேல் இழுக்கலாம். நிறுவனம் கொடுக்கும் ஃபில்டரும் பாக்ஸும் இந்த உச்சத் தேவையை மனத்தில் வைத்தே வடிவமைக்கப்படுகின்றன. இப்போது உங்கள் அன்றாட ஓட்டத்தைப் பாருங்கள். அவிநாசி சாலையில் நீங்கள் 2000 ஆர்பிஎம்மில் பெடலைப் பாதிகூட மிதிக்காமல் செல்லும்போது த்ராட்டில் தகடு பெரும்பாலும் மூடியே இருக்கிறது. காற்றை அங்கே வேண்டுமென்றே தடுப்பது அந்தத் தகடுதான்; ஃபில்டர் தரும் தடை அதன் முன்னால் கணக்கிலேயே வராது. சமையலறைக் குழாயை முக்கால்வாசி மூடி வைத்துவிட்டு மாடித் தொட்டியிலிருந்து வரும் பைப்பை அகலப்படுத்தினால் தண்ணீர் கூடுதலாக வருமா? கூடுதல் காற்று வேண்டுமென்றால் பெடலை இன்னும் கொஞ்சம் மிதித்தால் போதும். அதற்கான இடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே எந்த இன்டேக் கிட்டும் பயன் தருவதானால், பெடலை முழுவதும் மிதித்து என்ஜினை உச்ச வேகத்தில் சுழற்றும் நொடிகளில் மட்டுமே தர முடியும்.

மைலேஜ் பற்றிய கூற்றுக்கும் இதே விடைதான். இக்கால என்ஜின்களில் உள்ளே வந்த காற்றை அளந்து, சுமார் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற அளவில் ஈசியு, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி, எரிபொருளைத் தருகிறது. காற்று குறைந்தால் பெட்ரோலும் குறையும். கூடினால் அதுவும் கூடும். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009ஆம் ஆண்டில் இதைச் சோதித்தது. ஃபில்டரைச் செயற்கையாக அடைத்து வைத்து ஓட்டியபோதும், கணினி கட்டுப்பாட்டில் எரிபொருள் பீய்ச்சும் கார்களில் மைலேஜ் குறிப்பிடும்படி குறையவில்லை. முழு வேக முடுக்கம்தான் மந்தமானது. கார்புரேட்டர் வைத்த பழைய வண்டியில்தான் மைலேஜும் பாதிக்கப்பட்டது. அடைத்துப்போன ஃபில்டரே மைலேஜைக் குறைக்காதபோது, நல்ல நிலையில் உள்ள ஃபில்டரை மாற்றுவதால் அது ஏறும் என்பது பொருந்தாது.

லாரியைத் தாண்டுவது குறித்து ஒன்று. உங்கள் என்ஜினின் உச்ச டார்க் 4600இல் கிடைக்கிறது. ஐந்தாவது கியரில் 2500இல் சென்றுகொண்டே அதனிடம் இழுவையை எதிர்பார்த்தால் எந்தக் குழாயாலும் தர முடியாது. மூன்றாவது கியருக்கு இறங்குங்கள். நீங்கள் தேடும் சுறுசுறுப்பு அங்கே காத்திருக்கிறது.

வால்வு நேரம்

பழைய கராஜ் ஐயா சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் இன்டேக் என்பது வெறும் தடை மட்டுமே என்று முடித்துவிட முடியாது. வால்வு மூடித் திறக்கும் ஒவ்வொரு முறையும் குழாய்க்குள் அழுத்த அலை எழுந்து முன்னும் பின்னும் ஓடுகிறது. குழாயின் நீளமும் விட்டமும் சரியாக அமைந்தால், ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம் எல்லையில் அந்த அலை வால்வு திறந்திருக்கும் நேரத்தில் வந்துசேர்ந்து கூடுதல் காற்றை உள்ளே தள்ளும். போட்டிக்கார்களில் இதைத்தான் கணக்கிட்டுச் செய்கிறார்கள். கோவை செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வேயில் இதே தலைமுறை என்ஜின் கொண்ட நண்பரின் காரை நாங்கள் ஓட்டுகிறோம். நேர்ப்பாதை வந்தவுடன் பெடல் முழுவதும் தரையில்தான் இருக்கும், என்ஜின் 5000க்குக் கீழே இறங்குவதே அரிது. அப்படிப்பட்ட பயன்பாட்டில், ஈசியு ட்யூனிங்குடன் சேர்த்துச் செய்தால் நல்ல இன்டேக்குக்கு இடம் உண்டு.

ஆனாலும் இதன் மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. மேல் ஆர்பிஎம்மில் கிடைப்பதற்கு ஈடாகக் கீழ் ஆர்பிஎம்மில் கொஞ்சம் இழப்பது வழக்கம். நிறுவனத்தின் குழாயில் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தக் காலிப் பெட்டி, அதாவது ரெசனேட்டர், குறிப்பிட்ட அதிர்வெண்ணில் எழும் ஓசையை அடக்குவதற்காக வைக்கப்பட்டது. அதைக் கழற்றினால் ஓசை மாறும். நகரத்தில் 1500க்கும் 3000க்கும் இடையில் ஓட்டுபவருக்கு இந்த மாற்றம் பெரும்பாலும் நட்டமாகத்தான் முடியும்.

பழைய கராஜ்

வால்வு நேரம் கூறியது சரி. அலை விஷயத்தை நான் விட்டுவைத்ததற்குக் காரணம், கடைகளில் விற்கும் பொதுவான கிட்கள் அப்படிக் கணக்கிட்டு இந்த என்ஜினுக்கென்று செய்யப்பட்டவையா என்பதைப் பொருளைப் பார்த்து அறிய வழியில்லை என்பதே.

அதைவிட முக்கியமாக நான் கருதுவது வெப்பம். காற்றின் வெப்பநிலை பத்து டிகிரி செல்சியஸ் ஏறினால் அதன் அடர்த்தி சுமார் மூன்று சதவீதம் குறைகிறது. பெரும்பாலான கார்களில் நிறுவனத்தின் இன்டேக் வாய் பானெட்டின் முன்விளிம்பில், கிரில்லுக்குப் பின்னால், ரேடியேட்டருக்கு மேலே அல்லது ஹெட்லைட்டின் அருகே வைக்கப்பட்டிருக்கும். வெளிக்காற்று நேராக அங்கே வரும். பிளாஸ்டிக் பாக்ஸ் என்ஜின் சூட்டை ஓரளவு தடுக்கும். பெரும்பாலான கூம்பு ஃபில்டர்களோ என்ஜின் அறைக்குள்ளேயே, திறந்தபடி, எக்ஸாஸ்ட் சூட்டில் நின்று மூச்சு வாங்குகின்றன. வெளியே 35 டிகிரி இருக்கும் ஒரு மதியம் சிக்னலில் நின்றுவிட்டுப் புறப்படும்போது என்ஜின் 60 டிகிரிக் காற்றை இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடர்த்தி இழப்பு ஏழு சதவீதத்தைத் தாண்டுகிறது. அதற்கு மேல், உள்வரும் காற்று சூடானால் நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டுவது) வராமலிருக்க ஈசியு இக்னிஷனை, அதாவது பொறி பறக்கும் நேரத்தை, பின்தள்ளும். அதிலும் கொஞ்சம் திறன் போகும். ஃபில்டரின் தடையைக் குறைத்து இரண்டு மூன்று சதவீதம் சேமித்துவிட்டு, சூட்டில் அதைப்போல் இரண்டு மடங்கு இழப்பதில் என்ன பொருள் இருக்கிறது?

கடைகளில் காட்டப்படும் டைனோ (வண்டியை நின்ற இடத்திலேயே ஓடவிட்டுத் திறனை அளக்கும் கருவி) வரைபடங்களைப் பார்க்கும்போதும் இதை நினைவில் கொள்ளுங்கள். டைனோவில் பானெட்டைத் திறந்துவைத்து, முன்னால் பெரிய மின்விசிறியை ஓடவிட்டுச் சோதிப்பது வழக்கம். அங்கே திறந்த கூம்பு ஃபில்டருக்குக் குளிர்ந்த காற்று தாராளமாகக் கிடைக்கிறது. சாலையில் பானெட் மூடியிருக்கும்.

தேரிக்காடு

தூசியைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. நான் திருச்செந்தூர்ப் பக்கம். எங்கள் செம்மண் தேரியில் காற்று வீசும் மாதங்களில் ஏர் ஃபில்டரைத் திறந்தால் மடிப்புகளுக்கு நடுவே மண் கோடு கோடாகப் படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியும் அந்த மண்ணைவிட, விரலில் மாவுபோல் ஒட்டும் நுண்தூள்தான் ஆபத்தானது. அது பெரும்பாலும் சிலிக்கா. பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் தேய்த்துவிடும். காகித ஃபில்டர் இந்த நுண்தூளைப் பிடிப்பதில் மிகவும் திறமையானது. தூசி ஏற ஏற அதன் பிடிப்பு இன்னும் கூடும் என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

கழுவிப் பயன்படுத்தும் எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர்களை, 1969இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய கே அண்ட் என் நிறுவனம் தயாரித்து வருகிறது. அந்த வகை மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. எந்த ஃபில்டரை வாங்கினாலும், ஏர் ஃபில்டர்களுக்கான பன்னாட்டுச் சோதனை முறையான ஐஎஸ்ஓ 5011 முறையில் சோதித்த வடிகட்டும் திறனை அதன் தயாரிப்பாளர் வெளியிட்டிருக்கிறாரா என்று பாருங்கள். காற்று எவ்வளவு தாராளமாகப் போகிறது என்ற எண்ணை மட்டும் பெரிதாக அச்சிட்டுவிட்டு, தூசியை எவ்வளவு பிடிக்கிறது என்பதைச் சொல்லாத பொருளை நான் என் வண்டியில் வைக்கமாட்டேன்.

இப்போது இருக்கும் ஃபில்டர் எப்படி இருக்கிறது என்பதை அறிய எளிய வழி ஒன்று: ஃபில்டருக்குப் பிறகு த்ராட்டிலுக்குச் செல்லும் குழாயைக் கழற்றி, உட்சுவரை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சுத்தமாக வர வேண்டும். செம்பழுப்புத் தூள் ஒட்டினால் ஃபில்டரின் விளிம்பு சரியாக அமரவில்லை, அல்லது காகிதம் எங்கோ கிழிந்திருக்கிறது என்று பொருள். நம் ஊர்களில் ஃபில்டரை மாற்றாமல் கம்ப்ரஸர் காற்றை வைத்து ஊதித் தரும் பழக்கம் இருக்கிறதே, அந்த அழுத்தத்தில் மடிப்புகள் நுண்ணியதாகப் பிளந்துபோகும். இதைத் தயவுசெய்து செய்யவிடாதீர்கள்.

செம்புக்கம்பி

ஆட்டோ எலக்ட்ரிக்கல் வேலை செய்பவன் என்பதால் சென்சார் பற்றி மட்டும் எழுதுகிறேன். சில கார்களில் ஃபில்டருக்கு அடுத்த குழாயில் காற்றின் அளவை அளக்கும் சூட்டுக்கம்பி சென்சார், அதாவது எம்ஏஎஃப், இருக்கும். சில கார்களில் மேனிஃபோல்ட் (த்ராட்டிலுக்குப் பிறகு சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் பகுதி) அழுத்தத்தை அளக்கும் எம்ஏபி மட்டும் இருக்கும். இரண்டும் இருப்பவையும் உண்டு. எம்ஏஎஃப் உள்ள காரில் குழாயின் விட்டத்தை மாற்றுவது நேராக எரிபொருள் கணக்கில் கை வைப்பதாகும். சென்சார் நின்ற இடத்தில் 70 மில்லிமீட்டர்க் குழாய் இருந்ததை 76 மில்லிமீட்டராக்கினால், குறுக்குப் பரப்பு சுமார் 18 சதவீதம் கூடிவிடும். அதே அளவு காற்று இப்போது மெதுவாகக் கடந்துபோவதால் சென்சார் குறைவாகக் காட்டும், ஈசியு குறைவாகப் பெட்ரோல் கொடுக்கும், கலவை மெலியும். சீராக ஓட்டும்போது ஆக்ஸிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்துச் சரிசெய்யும். முழுப் பெடலில் பல வண்டிகளின் ஈசியு அந்தத் திருத்தத்தை நம்பி இயங்குவதில்லை. மெலிந்த கலவை மிகவும் கெடுதல் செய்யும் இடமும் அதுதான்.

என்னிடம் கலவை மெலிந்திருப்பதைக் குறிக்கும் பி0171 என்ற கோடுடன், செக் என்ஜின் விளக்கு எரியும் நிலையில் வரும் கார்களில் வெளியில் மாற்றிய இன்டேக் குழாய்கள் கணிசமானவை. சிலவற்றில் பருத்தி ஃபில்டருக்கு அளவுக்கு மேல் எண்ணெய் ஊற்றி, அது சூட்டுக்கம்பியில் படிந்திருக்கும். சிலவற்றில் ரப்பர் இணைப்பில் கிளாம்ப் சரியாக இறுகாமல், அளக்கப்படாத காற்று உள்ளே நுழைந்துகொண்டிருக்கும். இன்னும் சிலவற்றில், கிராங்க் கேஸிலிருந்து (என்ஜினின் அடிப்பகுதி) எண்ணெய் ஆவியை ஃபில்டர் குழாய்க்குக் கொண்டுவந்து சேர்க்கும் பிரீதர் ஹோஸுக்குப் புதுக் குழாயில் இடமே இல்லாததால், அதன் வாயில் விரலளவு ஃபில்டர் ஒன்றைச் செருகித் தொங்கவிட்டிருப்பார்கள். அந்த எண்ணெய் ஆவி என்ஜினுக்குள்ளே எரிக்கப்பட வேண்டியது. வெளியே விடுவது மாசுக் கட்டுப்பாட்டுக்கு எதிரானது, பானெட்டுக்குள் எண்ணெய்ப் பிசுக்கும் படியும். கிட் வாங்குவதாகவே முடிவு செய்தால், இந்த ஹோஸுக்கும் உங்கள் காரில் உள்ள சென்சாருக்கும் அதில் சரியான இடம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

மழைக்கால சர்வேயர்

இன்சூரன்ஸ் சர்வே வேலையில் இருப்பவன். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் தண்ணீர் குடித்த என்ஜின்களைப் பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். குளிர்காற்றுக்காகவென்று ஃபில்டரை பம்பருக்குப் பின்னால், சக்கரத்துக்கு அருகில் கீழே இறக்கி வைக்கும் கிட்கள் உண்டு. தேங்கிய நீரில் அந்த ஃபில்டர் மூழ்கினால், தண்ணீர் நேரே சிலிண்டருக்குள் போகும். தண்ணீரை அமுக்க முடியாது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சாதாரண முழுமைக் காப்பீட்டில் இந்த இழப்பைத் தொடர்விளைவுச் சேதம் என்று சொல்லி நிராகரிப்பது வழக்கம்; என்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் காப்பு எடுத்திருந்தால்தான் வழியுண்டு. அதிலும், தெரிவிக்காமல் இன்டேக்கை மாற்றியிருந்தது ஆய்வில் தெரியவந்தால் விவாதம் தொடங்கிவிடும். எந்த மாற்றம் செய்தாலும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, ஒப்புதலை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. ஏர் ஃபில்டர் ஆர்.சி.யில் எழுதப்படும் விவரம் இல்லை என்று சிலர் வாதிடுவார்கள். ஆனால் 2019 திருத்தத்தில் மாற்றியமைக்கப்பட்ட 182ஏ பிரிவு, அனுமதிக்கப்படாத முறையில் உதிரிப்பாகம் பொருத்தி வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்கிறது. பழைய பாக்ஸுக்குள்ளேயே அதே அளவில் உட்காரும் மாற்று ஃபில்டருக்கும், பாக்ஸையே கழற்றிவிட்டு வைக்கும் திறந்த குழாய்க்கும் இந்தக் கோணத்தில் பெரிய வேறுபாடு உண்டு என்பது என் கருத்து.

கொங்குச்சாலை (இழையைத் தொடங்கியவர்)

இவ்வளவு விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. பழைய கராஜ் ஐயா, பொதுக்கணக்கு எனக்குப் புரிகிறது. ஆனால் என் வண்டியில் இப்போது உள்ள பாக்ஸ் எவ்வளவு தடை தருகிறது என்பதை நானே அளந்து பார்க்க வழி உண்டா? ஓபிடி சாக்கெட்டில் (ஈசியுவின் தகவல்களைப் படிக்கும் இணைப்பு) செருகும் புளூடூத் கருவி என்னிடம் இருக்கிறது.

பழைய கராஜ்

உண்டு, நான் கேட்க நினைத்த கேள்வியையே கேட்டுவிட்டீர்கள். இன்டேக் வாங்க நினைக்கும் ஒவ்வொருவரும் கடைக்குப் போவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும் என்பேன்.

சாவியைத் திருப்பி, என்ஜினை இயக்காமல், செயலியில் மேனிஃபோல்ட் அழுத்தத்தைப் பாருங்கள். அது அப்போதைய வளிமண்டல அழுத்தம். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்குச் சற்று மேல் இருப்பதால், 96 அல்லது 97 கிலோபாஸ்கல் காட்டும். பிறகு காலியான, பாதுகாப்பான, நேரான சாலையில், வேறொருவர் கைப்பேசியைப் பிடித்துப் பதிவு செய்ய, இரண்டாவது கியரில் 3000இலிருந்து 6000 வரை பெடலை முழுவதும் மிதித்து ஓட்டுங்கள். இரண்டாவது கியரின் உச்சியிலேயே வேகம் 80ஐ நெருங்கிவிடும் என்பதால் இடத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுங்கள். 6000க்கு அருகில் காட்டும் அழுத்தத்தை முன்பு பார்த்த எண்ணிலிருந்து கழியுங்கள். வாயிலிருந்து ஃபில்டர், குழாய், த்ராட்டில் வரை எல்லாம் சேர்ந்து தரும் மொத்தத் தடை அதுதான். செயலி முழு எண்களாகத்தான் காட்டும் என்பதால் ஒரு கிலோபாஸ்கல் முன்பின் இருக்கலாம்.

ஃபில்டரின் பங்கை மட்டும் தனியே பார்க்க விரும்பினால், ஒளிபுகும் பிளாஸ்டிக் ட்யூபை யூ வடிவில் ஒரு பலகையில் கட்டி, வண்ணம் கலந்த தண்ணீரைப் பாதிவரை ஊற்றி, ஒரு முனையைப் பாக்ஸில் ஃபில்டருக்குப் பிந்தைய பக்கத்தில் இணைத்து, மறுமுனையைத் திறந்து வையுங்கள். இரு மட்டங்களுக்கும் இடையே பத்து சென்டிமீட்டர் வேறுபாடு வந்தால், ஒரு கிலோபாஸ்கல் இழப்பு. தண்ணீர் என்ஜினுக்குள் இழுபடாதபடி ட்யூபின் கைகள் ஒவ்வொன்றும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் உயர்ந்திருக்க வேண்டும். இதில் அலட்சியம் கூடாது.

அதே ஓட்டத்தில் உள்வரும் காற்றின் வெப்பநிலையையும் பதிவு செய்யுங்கள்: சீராக 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது ஒன்று, நெரிசலில் நின்று கிளம்பும்போது ஒன்று.

கொங்குச்சாலை (இழையைத் தொடங்கியவர்)

அளந்துவிட்டேன். என்ஜினை இயக்காத நிலையில் 96 கிலோபாஸ்கல். முழுப் பெடலில் 6000க்கு அருகில் 93. அதாவது மொத்தத் தடையே மூன்று கிலோபாஸ்கல், ஏறத்தாழ மூன்று சதவீதம். இந்தத் தடை முழுவதையும் ஒரு கிட் மாயமாக நீக்கிவிடும் என்று வைத்துக்கொண்டாலும், 119 பிஎஸ்ஸில் நான்குக்கும் குறைவாகத்தான் கூடும். த்ராட்டிலின் பங்கைக் கிட் தொடப்போவதில்லை என்பதால் உண்மையில் இரண்டை எட்டுவதே கடினம். கடையில் சொன்ன பத்து எங்கிருந்து வரும் என்று தெரியவில்லை.

வெப்பநிலைதான் எனக்கு வியப்பைத் தந்தது. வெளியே 33 டிகிரி இருந்தபோது, சீராக 80இல் சென்றாலும் உள்வரும் காற்று 47 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தபோது, பாக்ஸிலிருந்து முன்பக்கம் செல்லும் பிளாஸ்டிக் மூக்கு தன் இடத்தில் உட்காராமல், ஒரு கிளிப் இல்லாமல், வாய் என்ஜின் பக்கமாகத் திரும்பிக் கிடந்தது. கடைசி சர்வீஸில் ஃபில்டரைத் திறந்து மூடியவர்கள் அதை அப்படியே விட்டிருக்க வேண்டும். புதுக் கிளிப் வாங்கி, மூக்கைச் சரியாகப் பொருத்தி, புதிய காகித ஃபில்டரும் போட்டேன். அடுத்த நாள் அதே நேரத்தில், அதே சாலையில், கிட்டத்தட்ட அதே வெயிலில் 39 டிகிரி காட்டியது. எட்டு டிகிரிக் குறைவு என்பது அடர்த்தியில் இரண்டரை சதவீதம். தேரிக்காடு நண்பர் சொன்னபடி குழாயின் உட்சுவரையும் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தேன்; துணி சுத்தமாக இருந்தது.

ஆகவே கிட் வாங்கப் போவதில்லை. பெருந்துறை தாண்டி லாரிகளுக்கு நடுவே மூன்றாவது கியரைப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

வால்வு நேரம்

மிகச் சிறப்பு. மூன்று கிலோபாஸ்கல் என்பது உண்மையிலேயே நல்ல வடிவமைப்பைக் காட்டும் எண். எங்கள் டிராக் காரிலும் அடுத்த முறை முதலில் இதையே அளக்கப்போகிறோம். ஓட்டத்துக்கு நடுவே பிட்டில் (ஓட்டப்பாதையின் ஓரத்தில் கார்களை நிறுத்தும் இடம்) நிற்கும் நேரத்தில் உள்வரும் காற்று எவ்வளவு சூடாகிறது என்பதைப் பதிவு செய்து இங்கே இடுகிறேன்.

புதிய உறுப்பினர் 999

இழை முழுவதையும் படித்தேன். என்னிடம் 999 சிசி, மூன்று சிலிண்டர், 110 பிஎஸ் தரும் டர்போ பெட்ரோல் ஃபோக்ஸ்வாகன் போலோ இருக்கிறது. டர்போ காரில் இன்டேக் மாற்றினால் பயன் அதிகம் என்கிறார்களே, இந்தக் கணக்கு எனக்கும் பொருந்துமா?

பழைய கராஜ்

பாதி பொருந்தும். டர்போ காரில், காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் கம்ப்ரஸருக்கு முன்னால் ஏற்படும் அழுத்த இழப்பை அந்தக் கம்ப்ரஸரே பெருக்கிக் காட்டும்; காற்றை இரண்டு மடங்கு அமுக்கும்போது, முன்னால் இரண்டு கிலோபாஸ்கல் குறைந்தால் பின்னால் நான்கு குறையும். ஆனால் ஈசியு தனக்கு வேண்டிய பூஸ்ட் அழுத்தத்தை (டர்போ தரும் கூடுதல் அழுத்தம்) ஓர் இலக்காக வைத்திருக்கிறது. குறைந்தால், டர்போவைச் சுழற்றாமல் எக்ஸாஸ்ட் வாயுவைத் திருப்பிவிடும் வேஸ்ட்கேட்டை இன்னும் கொஞ்சம் மூடி அதை எட்டிவிடும். இலக்கு எட்டப்படும் வரை இன்டேக் மாற்றியதால் கிடைக்கும் திறன் மிகச் சொற்பமே. ஆகவே உங்கள் காரில் பார்க்க வேண்டியது ஈசியு கேட்கும் பூஸ்ட்டையும் உண்மையில் கிடைக்கும் பூஸ்ட்டையும். மூன்றாவது கியரில் முழுப் பெடலில், 2000 முதல் 5500 வரை இரண்டையும் ஒரே வரைபடத்தில் பதிவு செய்யுங்கள். இரண்டு கோடுகளும் ஒட்டியே சென்றால் இப்போதுள்ள பாக்ஸ் போதும். ரீமேப் செய்து (ஈசியு மென்பொருளை மாற்றி) இலக்கை உயர்த்தினால் மட்டும் மறுபடியும் அளந்து பாருங்கள். 4500க்கு மேல் உண்மைக் கோடு கீழே பிரிந்து போனால், முதலில் ஃபில்டரின் நிலையையும் இன்டர்கூலர் (அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் பாகம்) ஹோஸ்களில் கசிவு உண்டா என்பதையும் பாருங்கள். பதிவை இங்கே இடும்போது அன்றைய வெளி வெப்பநிலையையும் மறவாமல் குறிப்பிடுங்கள்.